தனிப் பள்ளியா, பொதுப் பள்ளியா?



கொல்லிமலைக்கு ஒருமுறை வந்தவர்கள், காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் சாலையை மறக்கமாட்டார்கள். அதில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மலையைக் காண வருவோர் அவற்றை எண்ணியபடியே மகிழ்ச்சியோடு ஏறுகிறார்கள். ஆனால் ஆறு வயது மகனைச் சமவெளியிலுள்ள விடுதியில் விட்டுவிட்டுத் தனியே திரும்பும் தாய்க்கு அந்த வளைவுகள் தரும் துயரம் வேறு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அந்தச் சாலையைச் சார்ந்ததே. உடற்குறையோ புலன் குறையோ உடைய பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில் எல்லாரோடும் சேர்த்துப் படிக்க வைப்பதா? அல்லது அவர்களுக்கென அமைந்த தனிப் பள்ளிக்கு அனுப்புவதா?

இதைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி, நான் செய்த இரண்டு பிழைகளே.

1990களின் தொடக்கத்தில் இம்மலையில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் சூம்பிய மகனைத் தோளில் சுமந்துகொண்டு ஓர் உழவர் வந்தார். சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழும் எளிய மனிதர். பள்ளி வாயிலில் மூன்று கற்படிகள் இருந்தன. நாள்தோறும் அவனைத் தூக்கி ஏற்றுவது யார் என்று அஞ்சினேன். அந்த அச்சத்தை மறைத்து, "கீழே நல்ல விடுதிப் பள்ளி இருக்கிறது, எல்லா வசதியும் உண்டு, அங்கே சேர்த்துவிடுங்கள்" என்று அறிவுரை கூறினேன். "நீங்கள் சொன்னால் சரிதான், ஐயா" என்று அவரும் சேர்த்தார்.

ஓராண்டு கழிந்து விடுமுறைக்கு வந்த சிறுவன், என் மேசைமேல் கிடந்த பாடநூலைப் புரட்டிப் பார்த்தான். "அங்கேயும் இதே புத்தகந்தான், ஐயா" என்றான். அவன் குறை கூறவில்லை, கண்டதைச் சொன்னான். எனக்கோ முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அந்த வாரமே ஊரார் கல்லும் மண்ணும் கொண்டுவந்து படிகளின் மேல் ஒரு சரிவுப் பாதை அமைத்தார்கள். அதற்கு ஆன நேரம் அரை நாள். அந்த அரை நாள் வேலையைச் செய்யாமல், ஒரு பிள்ளையை ஓராண்டுக் காலம் தாயிடமிருந்து பிரித்து வைத்திருந்தேன்.

"இனி எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்பேன்" என்று உறுதி பூண்டேன். இரண்டாம் பிழை அந்த உறுதியிலிருந்தே பிறந்தது.

அடுத்த ஆண்டு, பிறவியிலேயே காது கேளாத ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். முன் வரிசையில் அமர்த்தினேன். கரும்பலகையில் எழுதியதையெல்லாம் முத்து முத்தாகப் பார்த்து எழுதுவாள். பள்ளியைப் பார்வையிட வந்தவர்களிடம் அவள் குறிப்பேட்டைப் பெருமையோடு காட்டுவேன். மூன்றாண்டுகள் சென்றன. ஒரு நாள் பலகையைத் துடைத்துவிட்டு, சன்னலுக்கு வெளியே நின்ற பசுவைக் காட்டி, அதன் பெயரை எழுதச் சொல்லிச் சைகை செய்தேன். அவள் வெற்றுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் உண்மை விளங்கிற்று. அவள் மூன்றாண்டுகளாக எழுத்துகளை வரைந்திருந்தாளே அல்லாமல், ஒரு சொல்லையும் கற்றிருக்கவில்லை.

பெற்றோரோடு பேசி, சமவெளியிலுள்ள காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தோம். அங்கே எல்லாரும் சைகை மொழியில் பேசினார்கள். மறு ஆண்டு அவள் ஊருக்கு வந்தபோது, விரல்கள் துள்ள என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினாள்: "உங்கள் பெயர் என்ன?" மூன்றாண்டுகள் என் வகுப்பில் இருந்தவளுக்கு என் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை!

நண்பர்களே, இருக்க வேண்டியவனை அனுப்பினேன்; அனுப்ப வேண்டியவளை இருத்திக்கொண்டேன். இரண்டு முறையும் நல்லெண்ணம் எனக்கு இருந்தது. அந்தப் பிள்ளைக்கு எது தேவை என்ற கேள்விதான் இல்லை.

தனிப் பள்ளிகளின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், சுவைன்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பெரும்பாலான பள்ளிகள் கதவு திறவாத காலம் அது. பாரிசு நகரின் பார்வையற்றோர் பள்ளியில் பத்து வயதில் சேர்ந்த லூயி பிரெய்ல், புள்ளி எழுத்து முறையை 1829இல் நூலாக வெளியிட்டார். அதன் வழிவந்த பாரதி பிரெய்ல், 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்டது.

தனிப் பள்ளியிலும் பிழை நேர்ந்ததுண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று கூறிச் சைகை மொழியை வகுப்பிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. பல நாடுகளில் பிள்ளைகளின் கைகள் கட்டுண்டன. 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு, அதற்காக வருத்தம் தெரிவித்தது. இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள். ஆகவே, பள்ளி தனியானதா பொதுவானதா என்பதோடு, அங்கே பிள்ளைக்கு விளங்கும் மொழி உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

நம் நாடும் இதைப் படிப்படியாக உணர்ந்தது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு, பொதுப் பள்ளியோடு இணைந்த கல்வியை இயன்றவரை விரிவாக்க வேண்டும் என்றது. 1974இல் அதற்கென மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்தது. 1994இல் சுபெயின் நாட்டுச் சலமான்கா நகர் அறிக்கை, எல்லாப் பிள்ளைகளையும் ஏற்கும் பள்ளியே நெறி என உலகுக்கு அறிவித்தது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. சட்டம் வரையறுத்த அளவு குறைபாடுடைய பிள்ளைக்கு, 6 முதல் 18 வயது வரை, அண்டைப் பள்ளியிலோ தனிப் பள்ளியிலோ தன் விருப்பப்படி கட்டணமின்றிப் பயிலும் உரிமையை அது தருகிறது.

'தன் விருப்பப்படி' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு கதவும் திறந்திருந்தால்தான் விருப்பம் என்பதற்குப் பொருளுண்டு. கொல்லிமலை பல நாடுகளாகப் பரந்து கிடக்கிறது. குடியிருப்புகளோ பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடக்கின்றன. சிறப்பாசிரியர் ஒருவர் அத்தனை ஊர்களுக்கும் நடந்து சென்றால், ஒரு பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்? பார்வையற்ற பிள்ளை பிரெய்ல் பழக நாள்தோறும் பயிற்சி வேண்டும். அந்தக் கருவி கைவந்தபின் எந்த வகுப்பிலும் அமரலாம். மெல்லக் கற்கும் பிள்ளைக்கு ஒரு மணி நேரத் தனி வகுப்பும், எஞ்சிய நேரம் தோழரோடு பொது வகுப்பும் பொருந்தலாம். ஆசிரியர் இல்லாவிடில் இவை யாவும் ஏட்டளவே. இத்தனை பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என அளவு வகுக்கும்படி 2021இல் உச்ச நீதிமன்றம் பணித்ததும் இதனாலேயே.

ஆகவே, எந்தப் பள்ளி என்று முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகள் கேட்பது நலம். பிள்ளை அங்கே சென்று வர இயலுமா? அங்கே பேசப்படுவது பிள்ளைக்கும், பிள்ளை சொல்வது அங்குள்ளோர்க்கும் விளங்குமா? வேண்டிய கலையைக் கற்பிக்க வல்லவர் இருக்கிறாரா? இவற்றைக் கேட்டபின், பிள்ளையையும் கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அதுதான்.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். சிலர் பள்ளிக் கட்டடம் எழுப்பும் பொறியாளர் ஆவீர்கள். உங்கள் வரைபடத்தில் சரிவுப் பாதை முதல் கோட்டிலேயே இருக்கட்டும். இன்றே செய்யத்தக்க செயலும் ஒன்றுண்டு. உங்கள் வகுப்பிலோ தெருவிலோ காது கேளாத தோழர் ஒருவர் இருந்தால், அவரிடமே சென்று, உங்கள் பெயரைச் சைகையில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். என் பெயரைச் சைகையில் சொல்ல எனக்கு அந்தச் சிறுமிதான் கற்றுக்கொடுத்தாள். நான் அதைக் கற்றபோது எனக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.