ஊட்டிய கைக்கு ஊட்டுவோம்

(பழனியை அடுத்த தொப்பம்பட்டியில் முதியோர் நலம் குறித்து ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



பழனிக்கு அணித்தாக உள்ள தொப்பம்பட்டி மக்களுக்கு அத்தலத்தின் வரலாற்றை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு கனி கிடைக்கவில்லை என்று சினந்து குன்றேறி நின்றான் குமரன். அம்மையும் அப்பனும் அவனைக் கடிந்துகொண்டார்களா? இல்லை. பிள்ளை நின்ற இடத்திற்குத் தாமே சென்று, "பழம் நீ" என்று இன்சொல் கூறித் தேற்றினார்கள் என்பது தலவரலாறு.

அங்கே ஊடி நின்றது பிள்ளை. தேடிச் சென்றது பெற்றோர். இன்று பல இல்லங்களில் இந்நிலை மாறியுள்ளது. உணவை மறுத்து முகம் திருப்பிக்கொள்பவர் தாய். தேடிச் செல்ல வேண்டியவன் மகன்.

இவ்வூரிலே ஒரு மூதாட்டி இருப்பதாகக் கொள்வோம். காடு கரையில் பாடுபட்டு, வருவோர்க்கெல்லாம் சோறிட்டவர். இன்று மகன் தட்டை நீட்டினால், "இப்போதுதானே உண்டேன்" என்கிறார். ஒருநாள், "இதில் என்ன கலந்தாய்?" என்று கேட்கிறார். மற்றொரு நாள், காலமாகிவிட்ட கணவரை எண்ணி, "அவர் இன்னும் உண்ணவில்லையே" என்று வாயை மூடிக்கொள்கிறார். மருமகள் கண் கலங்குகிறாள். "பெற்றவளைப் பட்டினி போடுகிறான்" என்று ஊர் பேசுமோ என மகன் அஞ்சுகிறான்.

இது பிடிவாதம் அன்று, நோய். 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்த மூளை நோய், முதுமை மறதிக்குப் பெருங்காரணமாக அறியப்பட்டுள்ளது. நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 லட்சம் பேர் மறதி நோயுற்றவர்கள் என 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மூளை தளரும்போது பசியை உணரும் ஆற்றலும், உணவை அடையாளம் காணும் ஆற்றலும், மென்று விழுங்கும் முறையும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன.

ஆதலின் முதற்கடமை காரணம் தேடுதல். பல்வலி, வாய்ப்புண், பொருந்தாத பல்செட்டு, மலச்சிக்கல், காய்ச்சல், உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றுள் எதுவும் உணவை வெறுக்கச் செய்யலாம். சொல்ல இயலாதவர் வாயை மூடிக் காட்டுகிறார். திடீரென உணவை நிறுத்தினாலும், உடல் மெலிந்தாலும், விழுங்கும்போது இருமினாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இல்லம் தேடி வருகிறது. முதியோர்க்கான உதவி எண் 14567.

இரண்டாவது, உண்ணும் சூழல். அமெரிக்காவின் போஸ்டன் பல்கலைக்கழகத்தார் நோய் முற்றிய சிலரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. வெண்ணிறத் தட்டை மாற்றி, உணவினின்று நிறம் வேறுபட்டுத் தெரியும் தட்டில் பரிமாறியபோது அவர்கள் உண்ட அளவு 25 விழுக்காடு கூடியது. பார்வையில் நிற வேறுபாடு மங்கியவர்க்கு வெள்ளைத் தட்டில் வெண்சோறு தென்படுவதில்லை. பச்சை வாழையிலையில் வெண்சோறு இடும் நம் வழக்கம் இங்கே எவ்வளவு பொருந்துகிறது, பாருங்கள்! பல கறிகளை ஒருங்கே வைத்தல் வேண்டா. தொலைக்காட்சியை நிறுத்துக. வீட்டிலுள்ள ஒருவர் உடன் அமர்ந்து உண்ணுக. பார்த்துச் செய்யும் பழக்கம் நெடுங்காலம் நிற்கும். அவர் கையில் கவளத்தை வைத்து, அக்கையைத் தாங்கி வாயருகே கொண்டுசெல்க. ஒரே வேளையில் இயலாததைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். குழைந்த சோறு, களி, கனிந்த வாழைப்பழம் நன்று. இனிப்பின் சுவை பலர்க்கு இறுதிவரை மாறாது. நீரிழிவு உள்ளவர்க்கு மட்டும் மருத்துவர் அளவு கூறட்டும்.

மூன்றாவது, சொல். "அப்பா இறந்துவிட்டார், மறந்துவிட்டீர்களா?" என்று உண்மையை உரைப்பது அவரை நாள்தோறும் புதிதாகக் கைம்மை எய்தச் செய்வதாகும். "அப்பாவுக்குப் பிடித்த பருப்புச் சோறு அம்மா, ஒரு வாய் சாப்பிடுங்கம்மா" என்றால் பொய்யும் இல்லை; புண்படுத்தலும் இல்லை. அன்னை நிற்கும் இடத்திற்கு மகன் சென்றுவிட்டான்!

மூக்கைப் பிடித்து ஊட்டுதல், வாயைத் திறந்து திணித்தல் கூடவே கூடாது. உணவு மூச்சுக்குழலுள் புகுந்தால் உயிர்க்கே ஊறு நேரும். நிமிர்த்தி அமர்த்தி ஊட்டுக; உண்டபின் அரைமணி நேரம் படுக்க வைக்காதீர்கள். முன் கவளத்தை விழுங்கினாரா என்று பார்த்தே மறு கவளம் தருக.

எல்லாம் செய்தும் ஏற்காத காலம் ஒன்று வரும். நோய் முற்றிய நிலையில் உடலே உணவின் தேவையைக் குறைத்துக்கொள்கிறது. அந்நிலையில் குழாய் வழியே உணவு செலுத்துவதைப் பரிந்துரைப்பதில்லை என்றும், கையால் கனிவுடன் ஊட்டுவதே தக்கது என்றும் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் அறிவித்தது. குழாய் ஆயுளை நீட்டியதாகவும், உணவு மூச்சுக்குழலுள் புகுவதைத் தடுத்ததாகவும் சான்று இல்லை என்பது அதன் முடிவு. மருத்துவரோடும் உடன்பிறந்தாரோடும் கலந்து முடிவு செய்க. ஊராரின் பேச்சுக்கு அஞ்சி முடிவு செய்யற்க.

அன்று அம்மூதாட்டி இரண்டு கவளமே ஏற்கலாம். மூன்றாவதற்கு முகம் திருப்பினால், மகன் கையைத் தாழ்த்தி, வாயைத் துடைத்து, உலர்ந்த உதட்டை நனைத்து, அருகே அமர்ந்திருக்கட்டும். அவன் கடமையில் தவறியவன் அல்லன். குழந்தைப் பருவத்தில் அவன் துப்பிய சோற்றை அவள் தோல்வியாகக் கணக்கிட்டாளா? சற்றுப் பொறுத்து மீண்டும் வந்தாள். அவனும் சற்றுப் பொறுத்து மீண்டும் வரட்டும்.

பெற்றோர் தேடிவந்த பழனிப் பெருமான், பெற்றோரைத் தேடிச் செல்லும் பிள்ளைகளுக்குப் பொறுமையை அருள்வானாக!