பெட்டிக்குள் வந்த இயந்திரச் சிறுவன்



யப்பானியச் சித்திரக் கதையாசிரியர் ஒசாமு தெசூக்கா 1952ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய கதையிலே, ‘அற்றொம்’ என்னும் இயந்திரச் சிறுவன் 2003ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 7ஆம் நாள் பிறப்பதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. குறித்த நாள் வந்தது, போயிற்று. வானிற் பறக்கும் சிறுவன் எவனும் பிறக்கவில்லை. ஆயினும், அடுத்த ஆண்டாகிய 2004இல் அதே நாட்டில் வேறொரு சிறுவன் பெட்டிக்குள் அடைபட்டுக் கடைக்கு வந்தான். அவன் பெயர் கே.எச்.ஆர். ஒன்று. உயரம் 34 சென்ரிமீற்றர். எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம், விலை 126,000 யென். செய்து விற்றோர், வானொலியால் இயங்கும் விளையாட்டு வாகனங்களுக்கான கருவிகளில் அனுபவம் பெற்றிருந்த கொண்டோ நிறுவனத்தார்.

இந்த விலை சிறு தொகையன்று. நடுத்தரக் குடும்பத்துத் தந்தை ஒருவர் அதனைக் கொடுத்துப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைந்தன் ஆவலோடு மூடியைத் திறக்கிறான். உள்ளே மனிதனும் இல்லை, பொம்மையும் இல்லை. வளைத்த அலுமினியத் தகடுகள், கறுத்த சிறு மோட்டர்கள் பதினேழு, மின்சுற்றுப் பலகைகள் இரண்டு, கை நிறைந்த திருகாணிகள். கொடுத்த பணத்துக்கு வந்தது இவ்வளவுதானா என்னும் கேள்வி அந்த வீட்டில் எழுவது இயல்பே. அக்கேள்விக்கு நேர்மையான விடை கூற வேண்டுமாயின், இப்பொருளின் குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே பார்த்தல் வேண்டும்.

அது பிறந்த காலத்தை முதலில் நினைவுகூர்தல் நன்று. ஹொண்டா நிறுவனத்தார் 2000ஆம் ஆண்டில் அசிமோ என்னும் நடக்கும் இயந்திர மனிதனை உலகுக்குக் காட்டினர். கண்டோர் வியந்தனர்; ஆனால் அதனை ஒரு தனி மனிதர் தம் வீட்டிற் செய்வதென்பது நினைத்தற்கும் அரியது. 2002இல் ‘றோபோ வன்’ என்னும் போட்டி யப்பானில் ஆரம்பமாயிற்று. இரண்டு கால்களால் நடக்கும் இயந்திரங்கள் அரங்கில் நின்று மல்லாடும். விழுந்தது பத்து எண்ணுவதற்குள் எழாவிடில் தோற்றது. அங்கே வந்தவை பெரும்பாலும் ஆர்வலர்கள் தம் கையாலேயே தகடு வெட்டி, துளையிட்டு, வளைத்துச் செய்தவை. பட்டறையும் கைத்திறனும் இல்லாதார் வெளியே நின்று பார்க்கவே முடிந்தது. அந்தக் கதவைத் திறந்துவிட்டது கே.எச்.ஆர். ஒன்று. திருப்புளி பிடிக்கத் தெரிந்தவன் இரண்டொரு நாளில் ஓர் இயந்திர உடம்பைப் பூட்டி முடிக்கலாம் என்னும் நிலை வந்தது. இதுவே அதன் முதற் சிறப்பு.

இரண்டாவது சிறப்பு அதன் மூட்டுக்களில் இருக்கிறது. ஒவ்வொரு மூட்டும் ‘சேர்வோ’ எனப்படும் மோட்டர். அதனுள்ளே சிறு மோட்டரும், அதன் வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டும் பற்சில்லுத் தொடரும், அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறதென்று சொல்லும் ஓர் உறுப்பும் உண்டு. ‘இத்தனை பாகையில் நில்’ என்று கட்டளை போனால், அவ்விடத்தை அடையும்வரை அது தானே திரும்பும். பிறர் தள்ளினாலும் விடாமற் பிடித்து நிற்கும். கொண்டோ நிறுவனத்தார் செய்த புதுமை, தான் நிற்கும் கோணத்தைச் சேர்வோ கணனிக்குத் திருப்பிச் சொல்லவும் வைத்தமை. ஆகவே, மோட்டரின் பிடியைத் தளர்த்தி, பாவையின் கையைத் தன் கையாற் பிடித்து வேண்டியவாறு வளைத்து, அந்த நிலையைக் கணனியிற் பதிந்துகொள்ளலாம். நடனம் பழக்கும் ஆசிரியர் மாணவியின் கையைப் பிடித்து முத்திரையைத் திருத்துவது போன்றதுதான் இது. கணக்கு அஞ்சும் பிள்ளையும் இம்முறையால் அதற்கு வணக்கம் சொல்லக் கற்பித்துவிடும்.

வணக்கம் சொல்லும், ஆனால் நடக்குமா? இங்கேதான் கதை மாறுகிறது.

பதிந்த நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிச் செய்வதையன்றி அதற்கு வேறொன்றும் தெரியாது. பாதத்தில் தொடுவுணர்ச்சி இல்லை. உடம்பு சாய்கிறதென்று சொல்லும் சுழல் உணரியும் அடிப்படைப் பெட்டியில் இல்லை. தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். வழுவழுப்பான மேசையில் நன்றாக நடந்தது, கம்பளத்தின்மேல் இரண்டாம் அடியிலே குப்புற விழும். விழுந்த பின்னும், விழுந்ததை அறியாமல், காற்றிலே காலை வீசிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்குச் சிரிப்பும் வரும், பரிதாபமும் வரும். எழுப்ப வேண்டுமாயின், அது முகம் குப்புற விழுந்ததா, மல்லாந்து விழுந்ததா என்று மனிதன் பார்த்து, அதற்குரிய அசைவைத் தெரிவுசெய்து கொடுத்தல் வேண்டும்.

மூட்டுக்களின் பங்கீட்டையும் கவனித்தல் தகும். காலுக்கு ஐந்து, கைக்கு மூன்று, தலைக்கு ஒன்று, ஆகப் பதினேழு. மனிதன் திரும்பும்போது தொடை இடுப்பெலும்பின் குழியிலே சுழலுகிறது. அச்சுழற்சிக்குரிய மூட்டு இதன் காலில் இல்லை. ஆகவே இது திரும்ப வேண்டுமாயின் பாதங்களைத் தரையில் வழுக்கியே திரும்புகிறது. வழுக்காத தரையிலே திரும்புதலும் இல்லை. கைகளுக்கு விரல்கள் இல்லாமையால் ஒரு பென்சிலைத் தானும் எடுக்க மாட்டாது.

வலிமையின் கணக்கும் நெருக்கமானதே. ஒவ்வொரு சேர்வோவும் தரக்கூடிய முறுக்கு விசை ஏறத்தாழ 8.7 கிலோகிராம் சென்ரிமீற்றர்; அஃதாவது, அச்சிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தூரத்தில் 8.7 கிலோகிராமைத் தாங்கும். தூரம் ஆறு சென்ரிமீற்றராயின் அதுவே ஒன்றரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்துவிடும். பாவையின் முழு எடையோ 1.2 கிலோகிராம். ஒற்றைக் காலில் முழங்காலை மடித்து இருத்தினால் அந்த ஒரு மூட்டின் வலிமை அனேகமாகத் தீர்ந்துபோகும். நெடுநேரம் அவ்வாறு வைத்தால் மோட்டர் சூடேறும். கை தவறி அசைவொன்றைப் பிழையாகப் பதிந்து, காலோடு கால் முட்டவிட்டாலும் பற்சில்லின் பல் முறியும். புதிதாக வாங்குவோர் விலையோடு, மாற்றுப் பற்சில்லுகளுக்கும் மேலதிக மின்கலத்துக்கும் ஒரு தொகையை ஒதுக்காவிடின், இரண்டாம் மாதத்திலேயே அது அலுமாரிக்குள் ஏறிவிடும்.

இத்தனை குற்றங்களும் உள்ள பொருளை வாங்கலாமா என்றால், யார் வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது. ஏவியதைச் செய்யும் ஏவலாளை எதிர்பார்ப்பவர் வாங்கலாகாது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாட் பரிசாகவும் அது பொருந்தாது. திருகாணி பூட்டுவது தந்தையாகவும், அழுவது பிள்ளையாகவும் முடியும். ஆனால், மேல் வகுப்பு மாணவன் ஒருவன் அதனோடு ஒரு விடுமுறையைக் கழிப்பானாயின் நிகழ்வது வேறு. ஓரடி முன்னே வைக்கப் பாவை பத்து முறை விழுகிறது. பதினோராம் முறை அவன் கணனியை விட்டெழுந்து, அறையின் நடுவே நின்று, தன் காலையே மெல்லத் தூக்கிப் பார்க்கிறான். வலக்காலைத் தூக்குமுன்னரே இடுப்பு இடப்பக்கம் நகர்ந்துவிட்டதை அப்போதுதான் காண்கிறான். கணுக்கால் உட்புறம் சாய்வதையும், பாரம் முழுவதும் இடப்பாதத்தின்மேல் வந்தபின்னரே மற்றக் கால் தரையை விடுவதையும் காண்கிறான். ஒரு வயதிற் கற்று, கற்றதையே மறந்துபோன வித்தை அது. புவியீர்ப்பு மையம் என்று பாடப்புத்தகத்திற் படித்ததற்கும் தன் இடுப்புக்கும் உள்ள உறவு அந்த இரவிலே அவனுக்குத் தெரிகிறது. பாவைக்குக் கண்ணும் உணர்ச்சியும் இருந்திருப்பின், இந்த வேலையை அதுவே பார்த்துக்கொண்டிருக்கும். அவன் கற்றிருக்க மாட்டான்.

இதனைக் கூறுவதால் குறைகளெல்லாம் நிறைகளாகிவிடமாட்டா. முறிந்த பல் முறிந்ததுதான். இதன் கணனித் தொடர்பு பழைய வகைத் தொடர்ப் பொருத்து வழியாக அமைந்தது. இன்றைய கணனிகளிலோ அப்பொருத்தே இல்லை. உடம்பு உறுதியாக இருந்தும், பேச வழியற்று மௌனமான பாவைகள் உண்டு.

குறைகளை நிறுவனத்தாரும் உணர்ந்தே இருந்தனர். 2006இல் உயர்ந்த மின்னழுத்தத்தில் இயங்கும் இரண்டாவது வகையும், 2009இல் மூன்றாவது வகையும் வந்தன. மூன்றாவது, 40 சென்ரிமீற்றர் உயரமும் ஒன்றரைக் கிலோகிராம் எடையும் உள்ளது. அதிலும் இயங்கும் மூட்டுக்கள் பதினேழே. ஆனால் இடுப்புச் சுழற்சி முதலிய இடங்களில், மோட்டர் அளவிலேயே வெறும் கட்டைகள் ஐந்தைப் பொருத்தி விட்டிருந்தனர். கையிற் காசு சேருந்தோறும் கட்டையொன்றைக் கழற்றி மோட்டரொன்றைப் பூட்டலாம். இருபத்திரண்டு மூட்டுக்கள்வரை வளர்க்கலாம். முதலாவது பாவை வழுக்கித் திரும்பியது. மூன்றாவது, அந்தக் கட்டைகள் கழன்ற நாளில், காலைச் சுழற்றித் திரும்பிற்று. அசைவைப் புதிதாக எழுதும் வேலையோ அப்போதும் அந்த மாணவனுக்கே காத்திருந்தது.