ஊர் வரலாறு எழுத வரும் பிள்ளைக்கு யார் கூலி தருவது?

(வட ஆர்க்காட்டுப் பகுதியில், பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கான உள்ளூர் வரலாற்று உதவித்தொகைத் தொடக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த இரவுப் பாடசாலையில் படித்து வேலைக்குப் போனவர்கள் சேர்ந்து, வருடத்துக்கு ஐந்து பேருக்கு உதவித்தொகை கொடுக்கப் போகிறீர்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை தன் ஊரின் வரலாற்றை எழுத வேண்டும், அதற்குத்தான் பணம். நல்ல முடிவு. விதிகளின் வரைவை அனுப்பி என்னிடம் கருத்துக் கேட்டீர்கள். எனக்கு அதோடு இரண்டு சண்டை இருக்கிறது. இங்கேயே போட்டுவிடுகிறேன்.

முதல் சண்டை தலைப்போடு. 'எங்கள் ஊரின் பெருமை' என்று போட்டிருக்கிறீர்கள். எந்த ஊர்? நம் வீட்டில் 'ஊருக்குள்ள போயிட்டு வரேன்' என்றால், சேரியிலிருந்து கிளம்பி அங்கே போகிறேன் என்று அர்த்தம். பேச்சிலேயே நாம் ஊருக்கு வெளியே இருக்கிறோம். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் கோயிலை எந்த மன்னன் கட்டினான், ஏரியை எந்த ஜமீன் வெட்டினார் என்று எழுதி வருவார்கள். ஏரிக்கு மண் சுமந்தது யார், தேர் எந்தத் தெரு முனையோடு திரும்பிவிடுகிறது என்பதெல்லாம் வராது. கல்வெட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருக்கின்றன. அதைத் தேடச் சொல்லுங்கள்.

சேரிக்கு ஆவணமே கிடையாது என்பார்கள். நம்பாதீர்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றிக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30-இல் ஓர் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன் வழியே வந்ததுதான். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு வெளியே கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. கிராமத்தின் 'அ' பதிவேட்டில் இதை 'டி.சி. நிலம்' என்று குறித்திருப்பார்கள். இன்றைய பதிவேட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 1980-களில் யு.டி.ஆர். திட்டத்தில் பதிவேடுகளைத் திருத்தி எழுதியபோது, பல இடங்களில் அந்தக் குறிப்பு காணாமல் போனது. அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அதுவே உங்கள் முதல் அத்தியாயம்.

வீட்டுக்குள்ளேயும் தேடுங்கள். இந்தப் பக்கத்துச் சேரிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் சுரங்கச் சம்பளச் சீட்டு கிடக்கலாம், நெஞ்சு கெட்டதற்கு வைத்தியம் பார்த்த காகிதம் கிடக்கலாம். பழைய பேப்பர்க்காரருக்குப் போடும் முன் போனில் ஒரு படமாவது எடுங்கள். அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய 'தமிழன்' இதழின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் 1999-இல் தொகுத்துக் கொண்டுவர முடிந்தது என்றால், யாரோ சிலர் அந்தத் தாள்களைக் கரையானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள் என்று பொருள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய 'பறையன்' இதழுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆயாக்களிடமும் உட்காருங்கள். களத்தில் எத்தனை படி கூலி அளந்தார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது சண்டை, 80 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்ற விதியோடு. பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும் வரை நம் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? ஷூ கம்பெனியில், கேட்டரிங்கில், பெங்களூரில் பெயிண்ட் அடித்துக்கொண்டு. கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம் அந்த இரண்டு மாதத்தில்தான் சேர்கிறது. அதை விட்டுவிட்டு எவன் ஆயாவோடு உட்கார்ந்து கதை கேட்பான்? கட்டுரை வந்த பிறகு மேடையில் சால்வையோடு கவர் கொடுத்தால் அது பரிசு. வேலைக்குப் போகாமல் இருக்க, போகாத நாளின் கூலியை முன்னாலேயே கொடுங்கள், வாராவாரம் கொடுங்கள். பஸ் கட்டணம், ஜெராக்ஸ் செலவு, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒருமுறையாவது போய்வரும் செலவு தனி. அண்ணல் வைஸ்ராய் கவுன்சிலில் இருந்த காலத்தில், 1944-இல் தொடங்கியது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அதற்கு இன்றைக்கும் குடும்ப வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள், முதல் மதிப்பெண்ணை அல்ல. நாம் மட்டும் ஏன் மார்க்கைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? தமிழில் தடுமாறித் தேறியவன் தன் தெருவைப் பற்றி நன்றாக எழுதிவிடக் கூடும்.

வரைவில் இல்லாத ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறேன். 17 வயதுப் பெண்பிள்ளை தாலுகா ஆபீசில் போய்ப் பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டால், அவள் வீடு திரும்பும் முன்பே சேதி நிலம் வைத்திருப்பவர் வீட்டுக்குப் போயிருக்கும். காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். இது வெறும் கட்டுரைப் போட்டி என்று நாம் நினைக்கலாம், எதிரில் இருப்பவர் அப்படி நினைக்க மாட்டார். ஆகவே மனு எதுவும் மாணவர் பெயரில் போக வேண்டாம். குழுவில் இரண்டு வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், உங்கள் பெயரில் போகட்டும். ஆபீசுக்குப் போகும்போது கூட ஒரு அண்ணனோ அக்காவோ போக வேண்டும். எழுதியதில் எதை அச்சிடுவது, எதைப் பெட்டியில் வைப்பது என்பதை அந்தப் பிள்ளையும் வீட்டாரும் முடிவு செய்யட்டும். அச்சிடவில்லை என்பதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது. இதையும் விதியில் எழுதுங்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் இருக்கும் பட்டாவின் நகலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள். சர்வே எண்ணை வைத்து 'அ' பதிவேட்டில் தேடுவது எப்படி என்று பார்க்கலாம்.