அச்சத்துக்கும் ஒரு பண் வேண்டும்

அவைத் தலைவர் அவர்களே, இந்த விழாவை முன்னின்று நடத்துகிற இலக்கிய மன்றத் தோழர்களே, உப்பளத்து வேலையை முடித்துவிட்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, குப்பங்களிலிருந்து வந்திருக்கிற பெரியவர்களே, ஓரமாக நின்றுகொண்டு என்னையே முறைத்துப் பார்க்கிற மைக்செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

'இலக்கியமும் இசையும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். அதை மரக்காணத்தில் பேசுவது எனக்கு வசதி. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை 269 அடி கொண்ட பாட்டு. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். வடக்கே கொஞ்சம் நடந்தால் இடைக்கழிநாடு, ஆக நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் பாடிய எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற அகில் மரங்கள், படுத்து உறங்கும் ஒட்டகங்களைப்போல அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கின்றன. சின்ன யாழைத் தூக்கிக்கொண்டு பசியோடு வருகிற பாணனுக்கு இந்த ஊர்ப் பரதவர்கள் தேறலும் சுட்ட குழல்மீனும் கொடுப்பார்கள் என்கிறார். எனக்கு டீயும் பஜ்ஜியும் கிடைத்தது. குறையாகச் சொல்லவில்லை.

சரி, சாப்பிட்ட பாணன் இங்கே என்ன பண் வாசித்திருப்பான்? நம் முன்னோர் நிலத்துக்கு ஒரு பண் வைத்தவர்கள். உப்பும் மீனும் விளைகிற நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். அதற்கு உரிய பண்களில் ஒன்று விளரி, இரங்கற்பண். சாவு வீட்டில் அடிக்கிற பறைக்கும் நெய்தல் என்றே பெயர். ஒரு வீட்டில் மணமுழவு கேட்க, இன்னொரு வீட்டில் நெய்தற்பறை கேட்கிற ஊரைப் பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றில் காட்டுகிறார். துயரத்துக்கும் அச்சத்துக்கும் இசை வேண்டும் என்று அறிந்திருந்தவர்கள் நாம். அந்த அறிவை எங்கே தொலைத்தோம் என்பதுதான் இன்றைக்கு நான் கேட்க வந்தது.

மேல்நாட்டில் 'டார்க் ஆம்பியன்ட்' என்று ஒரு இசைவகை இருக்கிறது. இருட்டைச் சுற்றிலும் பரப்பி வைக்கிற இசை. தாளம் கிடையாது. மெட்டு கிடையாது, இருந்தாலும் முணுமுணுக்க வராது. ஒரு தாழ்ந்த ஒலி நீண்டு கிடக்கும். அதன் வயிற்றுக்குள் இன்னொரு ஒலி மெல்லப் புரளும். பிரையன் ஈனோ என்கிற ஆங்கிலேயர் 1978இல் விமான நிலையத்துக்கென்று ஓர் இசைத்தட்டு செய்து 'ஆம்பியன்ட்' என்று பெயர் வைத்தார். அது மனத்தை ஆற்றுகிற இசை. பின்னால் வந்தவர்கள் அதை இருட்டுக்குள் கொண்டுபோனார்கள். லஸ்ட்மார்ட் என்கிற பெயரில் இசையமைக்கிற வேல்ஸ் நாட்டுக்காரர், 1990இல் வந்த 'ஹெரசி' தட்டுக்காகக் குகையிலும் நிலவறையிலும் போய் ஒலி பிடித்து வந்தார்.

'இதெல்லாம் பேய்ப்பட ஓசை, நமக்கு எதற்கு' என்று முன்வரிசையில் ஒரு ஐயா முகம் சுளிக்கிறார். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். எலியான் ராடிக் என்கிற பிரெஞ்சு அம்மையாரைப் பற்றிச் சொல்கிறேன். 1932இல் பாரிசில் பிறந்தவர். திபெத்திய பௌத்தத்தில் ஈடுபட்டார். திபெத்தியர்களிடம் 'பார்தோ தோதோல்' என்று ஒரு நூல் உண்டு. செத்தவர் காதில் வாசிப்பது; உயிர் பிரிந்தபின் எதையெதைக் காணும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று வழி சொல்வது. அந்த நூலை வைத்து 1988இல் 'கியேமா' என்று ஓர் இசை செய்தார். 1989இல் அவர் மகன் கார் விபத்தில் இறந்துபோனார். 1991இல் 'கைலாஷா', 1993இல் 'கூமே'. மூன்றும் சேர்ந்து 'மரண முத்தொகுப்பு', ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஒரே ஒரு மின்னிசைக் கருவி, காந்த நாடா, அவ்வளவுதான். வேகம் எங்கும் இல்லை. ஒலி மாறிவிட்டது என்பதை மாறிய பிறகுதான் காது உணரும். நடுவில் இருக்கிற 'கைலாஷா' என்ன தெரியுமா? கயிலை மலையை மனத்தால் வலம் வருகிற பயணம். நம் கயிலை! நாம் அங்கே அனுப்பி வைத்தவர் யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நீண்டு கிடக்கிற ஒலி நமக்குப் புதிதும் அல்ல. கோயிலில் நாகஸ்வரக்காரர் பக்கத்தில் ஒத்து பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார், பார்த்திருக்கிறீர்கள். கன்னம் உப்ப, மூச்சு விடாமல், ஒரே சுரம். ராகமெல்லாம் பக்கத்து ஆளுக்கு. அவரை ஏளனப் பேச்சாக்கிவிட்டோம். பிறகு சுருதிப் பெட்டியை வைத்து வீட்டுக்கும் அனுப்பிவிட்டோம். அந்த ஒற்றைச் சுரத்தை மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் என்ன ஆகும் என்று நாம் யாரும் பார்க்கவில்லை. ராடிக் அம்மையார் பார்த்தார்.

இனி நம்மவருக்கு வருகிறேன். 2005ஆம் ஆண்டு ஜூன் 30, சென்னை மியூசிக் அகாடமி. இளையராஜாவின் 'திருவாசகம்' இசைத்தட்டு வெளியான நாள். சுனாமி இந்தக் கரையை அடித்துப் போய் அப்போதுதான் ஆறு மாதம் முடிந்திருந்தது. தமிழ் மையம் என்கிற அமைப்பு முன்னின்று செய்த முயற்சி. ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கிலப் பகுதிகளை எழுதியவர் அமெரிக்காவின் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். எல்லோரும் சிம்பொனி சிம்பொனி என்கிறோம். வடிவத்தில் அது ஆரட்டோரியோ: வேடம் கட்டாமல், அரங்கப் பொருள் எதுவும் இல்லாமல், இசைக்குழுவும் பாடகர் திரளும் சேர்ந்து சமயப் பொருளைப் பாடுவது. 1742இல் டப்ளினில் முதலில் பாடப்பட்ட ஹேண்டலின் 'மெசையா' அந்த வகைதான்.

மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் 51 பகுதிகள். அதிலிருந்து இளையராஜா ஆறு இடங்களை எடுத்தார். ஓதுவார்கள் திருவாசகத்தை மோகனத்தில் பாடுவது வழக்கம். மோகனம் குளிர்ச்சியான ராகம், யாரையும் பயமுறுத்தாது. அந்த வழக்கத்தை விட்டு வெளியே வந்ததே பெரிய துணிச்சல் என்பேன். சிவபுராணத்திலிருந்து எடுத்த பாட்டு ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். புல்லிலும் புழுவிலும் கல்லிலும் பேயிலும் பிறந்து பிறந்து களைத்த உயிரை மாணிக்கவாசகர் பேச வைக்கிற இடம் அது. வீட்டில் நாம் அதைக் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு மூன்று நிமிடத்தில் ஒப்பித்துவிடுகிறோம். இளையராஜா அதை நிறுத்தினார். தன் குரலிலேயே, வயசான, கொஞ்சம் கரகரத்த குரலிலேயே பாடினார். எத்தனை பிறவி என்கிற அயர்ச்சி அந்தக் குரலில் இருக்கிறது. இனிமையான குரல்காரர் யாராவது பாடியிருந்தால் அது வந்திருக்காது.

கடைசிப் பாட்டு அச்சப்பத்து. இதில்தான் எனக்கு அவரோடு ஒரு வழக்கு. பாம்புக்கு அஞ்சமாட்டேன், புலிக்கு அஞ்சமாட்டேன், நோய்க்கும் எமனுக்கும் அஞ்சமாட்டேன் என்று அடுக்குகிறார் மாணிக்கவாசகர். அரசரோடு உறவு வைப்பதற்குக்கூட அஞ்சமாட்டேன் என்கிறார். அமைச்சராக இருந்து குதிரை வாங்கப் போனவர் அதைச் சொல்கிறார் என்றால் யோசித்துப் பாருங்கள்! ஆனால் பாட்டுக்குப் பாட்டு முடிவில் ஓர் அச்சம் நிற்கிறது. அன்பு இல்லாத ஆளைக் கண்டால் நடுங்குகிறேன் என்கிறார். இசைத்தட்டில் அஞ்சேன் என்கிற பகுதி முழங்குகிறது, இசைக்குழு மார்தட்டிக்கொண்டு வருகிறது. அஞ்சுகிற பகுதி அதே வேகத்தில் ஓடிப்போய்விடுகிறது. வீரம் கேட்டது; நடுக்கம் கேட்கவில்லை. ராஜா ரசிகர்கள் இதற்காக என்னைக் கீழே இறங்கச் சொல்லக்கூடாது. அந்தத் தட்டைத் தேயத் தேயக் கேட்டவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

ராஜாவாவது நம்மை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். மற்றவர்கள்? பக்திப்பாட்டு கேசட் காலத்திலிருந்து இன்றுவரை சுடுகாட்டைப் பாடினாலும் கோலாட்டத் தாளம், மரணத்தைப் பாடினாலும் புல்லாங்குழல். பட்டினத்தார் தாய்க்குக் கொள்ளி வைத்துப் பாடியதற்கும் தபேலா போட்டு வைத்திருக்கிறோம்.

இப்போது கயிலைக்கு வருகிறேன். நாம் அனுப்பி வைத்தவர் இதே கரையில் தெற்கே இருக்கிற காரைக்காலில், வணிகர் வீட்டில் பிறந்த பெண். கயிலையைக் காலால் மிதிக்கக்கூடாது என்று தலையால் நடந்து போனார் என்கிறது பெரியபுராணம். இறைவனிடம் அழகு கேட்கவில்லை. இருந்த அழகையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பேய் வடிவம் வாங்கிக்கொண்டவர். திருவாலங்காட்டில் அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. எடுத்துப் படியுங்கள், ராத்திரியில் படியுங்கள். எரிந்து முடிந்தும் முடியாத பிணம், கூகை, நரி, வற்றிய முலையும் குழிந்த கண்ணுமாகப் பேய்மகள். அதன் நடுவே ஆட்டம். அந்த அம்மா இசையும் தெரிந்தவர். ஒரே பாட்டுக்குள் ஏழு சுரங்களின் தமிழ்ப் பெயரையும் வைத்து, கொக்கரை, தக்கை, தமருகம், குடமுழா, மொந்தை, வீணை என்று கருவிகளையும் வரிசைப்படுத்துகிறார். சுரங்களில் விளரியும் உண்டு. ஒரு பதிகத்துக்கு நட்டபாடை, இன்னொன்றுக்கு இந்தளம் என்று பண்ணும் குறித்து வைத்திருக்கிறார்கள்.

இதற்குமேல் ஓர் இசையமைப்பாளருக்கு என்ன வேண்டும்? இடம் இருக்கிறது, கருவிப் பட்டியல் இருக்கிறது, பண் இருக்கிறது, பயம் இருக்கிறது. லஸ்ட்மார்ட்டைப்போல நிலவறை தேடி அலையவும் வேண்டாம். விடியும் முன்பே அளத்தில் இறங்குகிறவர்களைக் கேளுங்கள். இருட்டில் உப்புத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் ஓசை பாத்தி பாத்தியாகத் தாண்டிப் போய் எங்கே முடிகிறது என்று அவர்கள் சொல்வார்கள். மழைக்காலத்தில் அளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது கழுவெளி ஏரிப் பக்கமிருந்து வருகிற பறவைக் குரலை இதோ இந்தத் தாய்மார்கள் சொல்வார்கள். கையில் செல்போனும் கணினியும் வைத்திருக்கிற பிள்ளைகள் நாலு பேர் பின்னால் நிற்கிறீர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். காரைக்கால் அம்மையாரின் பதிகத்தை ஒரு மணி நேர இசையாகச் செய்யுங்கள். தாளம் வைக்காதீர்கள். அழகாகப் பாட ஆள் தேடாதீர்கள். ஓதுவார் ஒருவரையும் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கத் தெரிந்த ஒரு பாட்டியையும் பிடியுங்கள். பாட்டிக்குச் சம்பளத்தை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், பாராட்டுப் பத்திரம் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்.

அடுத்துப் பேச இரண்டு பேர் இருப்பதாகத் தலைவர் சீட்டு அனுப்புகிறார். ஐயா, அவர்கள் வருவதற்குள் அச்சப்பத்தை ஒரு தடவை போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன். நான் சொன்ன வழக்கு சரியா தப்பா என்று கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். தம்பி, மைக்செட் தம்பி, ஆறாவது பாட்டு. அந்த எக்கோ பொத்தானை மட்டும் தயவுசெய்து அணைத்துவிடப்பா.