கொடுத்த மரியாதையும் வாங்காத மரியாதையும்



நினைவுச் சொற்பொழிவில் மரியாதை பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒரு தோழர், ‘தினம் ஒரு வன்கொடுமை நடக்கிற நாட்டில் இதுதானா தலைப்பு?’ என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். என் அப்பாவிடமிருந்து பதிலைத் தொடங்குகிறேன்.

அப்பாவுக்கு அப்போது அறுபது வயது. பண்ணை வீட்டில் நான்காம் வகுப்புப் படிக்கும் பையன், ‘ஏய், மாட்டை அவுத்துக் கட்டுடா’ என்பான். அப்பா, ‘சரிங்க சின்னய்யா’ என்பார். சாதி என்ற சொல்லைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே, யாரை ‘டா’ போடலாம் என்பது அந்தப் பையனின் நாக்குக்குத் தெரிந்திருந்தது. யாரை ‘டா’ போடக்கூடாது என்பது எனக்கும் தெரிந்திருந்தது.

1960-இல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் ஐரோப்பிய மொழிகளில் ‘நீ’, ‘நீங்கள்’ வழங்கும் விதத்தை ஆராய்ந்து எழுதினார்கள். இருவரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றால் அது நெருக்கம். ஒருவர் ‘நீ’ என்று சொல்லி ‘நீங்கள்’ என்று வாங்கிக்கொண்டால் அது அதிகாரம். சமூகவியல் வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது. ‘மரியாதை தெரியாத சனம்’ என்று நம்மைச் சொன்னார்கள். காலமெல்லாம் மரியாதை கொடுத்தவர்கள் நாம். திரும்ப வாங்காதவர்களும் நாம்தான்.

இது சின்ன விஷயம் இல்லை என்று நம் முன்னோடிகளுக்குத் தெரியும். பறையர், பஞ்சமர் என்று அரசு எழுதிவந்ததை மாற்றி ஆதிதிராவிடர் என்று எழுதவைக்க, 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் போராட வேண்டியிருந்தது. பொதுமக்கள் பார்வையில் வேண்டுமென்றே நம்மை இழிவுபடுத்துவதை 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. அடிக்கு முன்னால் சொல் வருகிறது என்பதால்தான்.

நகரத்தில் இன்று யாரும் ‘டா’ போடுவதில்லை. வாடகை வீடு கேட்டுப் போனால், ‘வாங்க, உக்காருங்க, சொந்த ஊரு எது? ஊர்ல எந்தத் தெரு?’ என்கிறார்கள். பிறகு, ‘தப்பா நினைச்சுக்காதீங்க, சொந்தக்காரங்க குடிவர்றாங்க’ என்கிறார்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறார்கள். டீக்கடையில் எல்லாருக்கும் காகிதக் கப் என்றால் அது சுகாதாரம். நமக்கு மட்டும் காகிதக் கப் என்றால் அதுவும் இரட்டைக் குவளைதான்.

இனி என்னைப் பற்றி. சென்ற ஆண்டு இதுபோன்ற ஒரு கூட்டத்தில், அரங்கைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் ‘இந்த மேசையத் துடைச்சிடு’ என்றேன். அடுத்த நொடியே உள்ளே வந்த பேராசிரியரிடம் ‘வாங்க சார், உக்காருங்க’ என்றேன். யாரும் கவனிக்கவில்லை. வீடு திரும்பும்போது என் மகள் கேட்டாள்: ‘அந்தப் பாட்டிய மட்டும் ஏம்மா துடைச்சிடுன்னு சொன்னே?’

பண்ணை வீட்டுப் பையனின் நாக்கு என் வாயிலும் இருந்திருக்கிறது.

மறுவாரம் போய், ‘உங்க பேரு என்னங்கம்மா?’ என்று கேட்டேன். அவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்று பதில் சொன்னார். அவர் எழுந்து நின்றது இன்னும் என்னை உறுத்துகிறது.

மாணவத் தோழர்களே, நமக்கு வரவேண்டிய மரியாதையைக் கேட்டு வாங்குவோம். அதே நாளில், நம்மிடமிருந்து யாருக்கு அது போகாமல் நிற்கிறது என்றும் பார்ப்போம். நம் தெருவில் குப்பை அள்ள வருகிறவரிடமிருந்து தொடங்கலாம். நம் வீட்டுப் பெண்களிடமிருந்தும் தொடங்கலாம்.