பூட்டைப் பார்ப்பவருக்கு யார் கூலி தருவது?



சிறைப் பாதுகாப்புத் தணிக்கையைப் பற்றி இரண்டு நாள் பேசப்போகிறோம். படிவம், மதிப்பெண், மென்பொருள் பற்றியெல்லாம் கட்டுரைகள் வந்திருக்கின்றன. நான் பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். தணிக்கையாளரின் கூலி எந்தக் கையிலிருந்து வருகிறதோ, அதைப் பொறுத்தே அவர் கண்ணில் எது படும் என்பது முடிவாகிறது.

2016 தீபாவளி இரவு போபால் மத்திய சிறையிலிருந்து விசாரணைக் கைதிகள் எட்டுப் பேர் தப்பினார்கள். தலைமைக் காவலர் ஒருவரைக் கழுத்தறுத்துக் கொன்றார்கள். டூத் பிரஷ்ஷாலும் மரத்துண்டாலும் செய்த சாவியால் அறைகளைத் திறந்து, படுக்கை விரிப்புகளை முடிச்சிட்டு மதில் ஏறினார்கள் என்றார்கள் அதிகாரிகள். விடிந்த சில மணி நேரத்தில் எட்டுப் பேரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த மோதலைப் பற்றிய வழக்கும் வாதமும் வேறு கதை. எனக்கு அந்த டூத் பிரஷ் சாவியே போதும். பிளாஸ்டிக்குக்குத் திறந்துகொள்ளும் பூட்டு ஒரே நாளில் அப்படி ஆகிவிடாது. விவரமறிந்த ஒருவர் ஒரு முற்பகல் செலவழித்து ஒவ்வொரு பூட்டாகக் கை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இத்தனைக்கும் அது ஐ.எஸ்.ஓ. தரச்சான்று பெற்ற சிறை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், சந்தேகமில்லை.

பூட்டை மாற்றினால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2023 மே 2 அன்று திகார் சிறையில் கைதி ஒருவரை எதிர்க்கும்பல் குத்திக் கொன்றது. மேல்தளத்துக் கம்பியை அறுத்து, விரிப்பைப் பிடித்து இறங்கி வந்தார்கள். குத்துப்பட்டவரைத் தூக்கிச் செல்லும்போது காவலர்கள் கண்ணெதிரிலேயே மறுபடி குத்தினார்கள். கேமரா பழுதில்லாமல் எல்லாவற்றையும் பதிவு செய்தது. அங்கே காவலில் இருந்தவர்கள் நம் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர். ஏழு பேர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தண்டனை கொடுத்தாயிற்று. இப்படியொன்று நடந்தால் முதலில் யார் அசைய வேண்டும், எந்தக் கதவை யார் மூட வேண்டும் என்ற ஒத்திகையை அதற்கு முன்னால் யாராவது கேட்டு வாங்கிப் பார்த்தார்களா? தணிக்கை என்றால் நான் கேட்பது இதைத்தான்.

நம் சிறைகளுக்கு ஆய்வே இல்லை என்று சொல்ல முடியாது. மாவட்ட நீதிபதி வருகிறார், அலுவல் சாரா பார்வையாளர்கள் வருகிறார்கள். வருகை முன்கூட்டியே தெரிந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும், சாம்பாரில் காய் தட்டுப்படும். சோற்றையும் மனுக்களையும் பார்ப்பது மிக அவசியம். ஆனால் சாவிப் பதிவேட்டையும் மாலை லாக்கப் கணக்கையும் புரட்டிப் பார்க்கும் பயிற்சியோ நேரமோ அவர்களுக்கு இல்லை. 1995-இல் வேலூர்க் கோட்டையிலிருந்து விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். தோண்டிய மண் வண்டிக்கணக்கில் எங்கோ போயிருக்க வேண்டுமே! அந்த மண்ணைத் தேடுகிற கண் வேறு.

அமெரிக்காவில் சிறைத் தணிக்கைக்கு மூன்று வழிகளைப் பார்க்கலாம். ஆட்டிகா சிறைக் கலவரத்துக்குப் பிறகு, 1974-இல் உருவான தேசிய சிறைத் திருத்த நிறுவனம், சிறைப் பணியாளர்களையே பாதுகாப்புத் தணிக்கையாளர்களாகப் பயிற்றுவிக்கிறது, செலவு கூட்டரசுடையது. அமெரிக்கச் சிறைத் திருத்தச் சங்கம் தரும் அங்கீகாரத்துக்கோ சிறைகளே கட்டணம் கட்டுகின்றன. 2020-இல் செனட்டர் எலிசபெத் வாரன் வெளியிட்ட அறிக்கை, மூன்று மாதம் முன்பே தேதி சொல்லிவிட்டுச் சோதிக்கும் வெற்று முத்திரை என்று அதைச் சாடியது. மூன்றாவது, சிறைப் பாலியல் வன்முறைக்கு எதிரான 2003-ஆம் ஆண்டுச் சட்டம். மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு சிறையும் வெளித் தணிக்கைக்கு உட்பட வேண்டும். அறிக்கை பொதுவில் வர வேண்டும். இணங்காத மாநிலத்துக்குக் குறிப்பிட்ட கூட்டரசு நிதியில் 5 சதவீதம் போகும். அதிலும் தணிக்கையாளருக்குச் சிறைத்துறைதான் பணம் தருகிறது. அதனால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் மானியத்தில் கைவைப்பது உறைக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

நம் ஒன்றிய அரசு சிறைகளை நவீனப்படுத்த 2021 முதல் 2026 வரை 950 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஸ்கேனர், ஜாமர், மெட்டல் டிடெக்டர் என்று கருவிகள் வருகின்றன. ஓராண்டு கழித்து அந்த ஸ்கேனர் ஓடுகிறதா, அதை இயக்க ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பவரின் படிச்செலவு எந்தத் தலைப்பில் வரும்? 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் 100 பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தார்கள். பணியிடங்களில் ஏறக்குறைய 30 சதவீதம் காலி. இந்த நிலையில் தணிக்கையையும் சிறைக் கண்காணிப்பாளர் தலையிலேயே கட்டினால், போன ஆண்டு அறிக்கையில் தேதியை மாற்றிக் கையெழுத்திடுவார். அவரைக் குறை சொல்லமாட்டேன்.

என் யோசனை இது. தணிக்கை நிதி சிறைத்துறைக் கணக்கில் இருக்கக்கூடாது. உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையிலோ வேறு துறையிடமோ இருக்கட்டும். ஒரு மாநிலச் சிறையை வேறு மாநிலத்து அலுவலர்கள் சொல்லாமல் வந்து பார்க்கட்டும். 1979 முதல் வேலூரில் இயங்கும் சிறை நிர்வாகப் பயிற்சிக் கழகத்தில் தென்மாநிலத்தவர் ஏற்கெனவே ஒன்றாகப் பயில்கிறார்கள். தணிக்கைக் குழுக்களை அங்கேயே உருவாக்கலாம். ஒதுக்கும் நிதியில் ஒரு பகுதி கண்டறிந்த குறையை உடனே சரிசெய்வதற்கென்றே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறிக்கை, தப்ப நினைப்பவனுக்கு வழிகாட்டி நூலாகிவிடும். பலவீனமான இடங்கள் ரகசியமாக இருக்கட்டும். எத்தனை குறை, எத்தனை சரியாயிற்று என்ற கணக்குச் சட்டமன்றத்துக்குப் போகட்டும்.

அமெரிக்கச் சிறைத் திருத்தச் சங்கத்தின் கட்டண முறையை ஆதரிக்கும் கட்டுரையும் இன்று வாசிக்கப்படவிருக்கிறது. அதையே முதல் அமர்வில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.