கடலுக்கு எதிராகவும் பாவம் செய்தோம்



மாரியூர்க் கரையில் நின்று பார்த்தால் மன்னார் வளைகுடா அமைதியாகத்தான் தெரிகிறது. 1986-இல் அதன் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்கடியில். அலையைத் தடுத்து நின்ற பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது மனிதர்கள்தான். காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம், வீடு கட்டினோம். வீடு மட்டுமா? 1964 புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் நம் ஆலயத்தின் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அதுவும் பவளக்கல்தான். கடவுளுக்கு இல்லம் எழுப்ப, கடவுள் எழுப்பியதை உடைத்தோம். நம் முன்னோருக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும்.

படைப்பைச் சிதைப்பது பாவம் என்று கான்ஸ்தாந்திநோபிள் முதுபெரும்தந்தை பர்த்தலோமேயு 1997-இல் சொன்னார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் அதை எடுத்துக்காட்டினார். பவளப்பாறைகள் அழிவதையும் குறிப்பிட்டார். மறு ஆண்டே, 2016 கோடையில், கடல் சூடேறி நம் பார்கள் வெளுத்தன. அந்தச் சூட்டில் பணக்கார நாடுகளின் பங்கு பெரிது, நம் பங்கு சிறிது. உண்மைதான். ஆனால் பாரில் சிக்கிய நைலான் வலையை அறுத்து அங்கேயே விட்டு வந்தது யார்?

பாவசங்கீர்த்தனத்தில் பொய், குடி, சண்டை எல்லாம் சொல்கிறோம். வலையைப் பற்றி ஒருமுறையாவது சொல்லியிருக்கிறோமா? அடுத்த முறை அதையும் சொல்வோம். கிழிந்த வலைகளைக் கரைக்குக் கொண்டுவந்து கோவில் வளாகத்தில் போடுவோம்.